எப்சி செய்த கிக்

ஆம்பூர்,
6.2.2005

அன்புள்ள அத்தானுக்கு எப்சி எழுதுவது.

இயேசுவின் கிருபையால் அத்தையும் நானும் சுகம். சென்னையில் உங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? ஷூ கம்பெனியில் ஏற்றுமதி நெருக்கடி. கம்ப்யூட்டர் பிரிவில் எங்களுக்கு ஞாயிறுகூட அரை நாள் வேலை. அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் கம்மி.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். வியாழக்கிழமை வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தேன். புதுப்படப் பாட்டு ஒன்று போட்டார்கள். தொடக்கத்தில் வேறு வாத்தியமே இல்லை. காலால் மிதித்து அடிக்கிற அந்தக் கிக் டிரம் மட்டும் நான்கு முறை விழுகிறது. முதல் அடியிலேயே எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. சத்தங்களை உருவாக்கும் நம் கம்ப்யூட்டர் சின்தசைசரில் நான் செய்து, நீங்கள் தீபாவளிக்கு வந்தபோது உங்களிடம் கொடுத்தனுப்பினேனே, அந்தச் சத்தம் மாதிரியே இருந்தது.

ஆனால் உங்கள் ஸ்டுடியோ முதலாளி அதைக் கேட்டதைப் பற்றி நீங்கள் டிசம்பரில் என்ன சொன்னீர்கள்? "சார் கேட்டாரு எப்சி, வேணாம்னுட்டாரு." நானும் அது நன்றாக இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பாட்டு உங்கள் ஸ்டுடியோவில் பதிவானதுதானே? போன வாரம் போனில் பேசும்போது நீங்களாகவே ஏன், "அந்தப் பாட்டு சிடியை வாங்காத, நானே கொண்டாறேன்" என்றீர்கள்? ஊரெல்லாம் விற்கிற சிடியை நான் வாங்கினால் என்ன?

சும்மாதான் கேட்கிறேன். பதில் போடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
எப்சி

ஆம்பூர்,
20.2.2005

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. "கிக்னா எல்லாம் ஒண்ணுதான், தும்முனு விழுந்தா கிக்" என்று எழுதியிருக்கிறீர்கள். சின்தசைசரை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்த நீங்களா இப்படி எழுதுவது?

அந்த ஒரு தும்முக்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். வெறும் சைன் அலையில், ஒரே சீரான ஊதல் மாதிரிச் சத்தத்தில், ஆரம்பித்தேன். சுருதி உச்சத்தில் தொடங்கி, கண் சிமிட்டுவதற்குள் அடிமட்டத்துக்குச் சரிய வேண்டும். மெதுவாகச் சரிந்தால் தண்ணீர் சொட்டுவதுபோல் இருக்கிறது. வேகமாகச் சரிந்தால் வெறும் 'டப்'. அடி விழுகிற நுனிக்கு மட்டும் இரைச்சலை இத்துனூண்டு நறுக்கி ஒட்டினேன். வீட்டுச் சொந்தக்காரர் சர்தார் பாஷா பாய் கதவைத் தட்டி, "இன்னாம்மா, வூட்டுக்குள்ள தோல் பதனிடற டிரம் ஓட்றீங்களா?" என்று சந்தேகப்பட்டதைக் கேட்டு நீங்கள்தானே விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

சிடியை வாங்கிவிட்டேன் அத்தான்.

பாட்டின் முதல் நான்கு அடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். என் கிக்கின் அலையைத் தலைகீழாகத் திருப்பி, அதன்மேல் வைத்து இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். இது நீங்கள் கற்றுக்கொடுத்த வித்தை. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும். இரண்டும் ஒரே சத்தமாக இருந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். வேறு வேறாக இருந்தால் மிச்சம் கேட்கும். முதலில் கேட்டது. அப்பாடா, நான்தான் வீணாகச் சந்தேகப்பட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு என் சத்தத்தின் அளவைக் கொஞ்சம் ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். சத்தம் நின்றுவிட்டது. ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். போகவில்லை.

சிடி அட்டையில் 'ரிதம் வடிவமைப்பு: ஜோவின்' என்று உங்கள் பெயரைப் போட்டிருக்கிறது. அத்தை அதைச் சர்ச்சுக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார்கள். "எம்புள்ள பேரு பாரு, அச்சுல வந்திருக்கு" என்றார்கள். பாஸ்டர் ஐயா எனக்கும் கைகொடுத்தார். நான் சிரித்தேன்.

இப்போது எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வருகிறது. பொங்கலுக்கு லீவு இல்லை என்றது நிஜமா? "உனக்குக் காது இருக்குடி" என்று அடிக்கடி சொல்வீர்களே, அது பிரியமா, இல்லை வேறெதற்காவதா? வேறு பெண் யாராவது இருப்பாளோ என்றுதான் முதலில் பயந்தேன். அப்படி இருந்தால் யாரிடமாவது சொல்லி அழுதிருப்பேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எப்சி

ஆம்பூர்,
9.3.2005

அத்தானுக்கு,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. சனிக்கிழமை வருகிறேன், உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. கடைசியில் மட்டும், அந்தக் கிக் மாதிரியே இன்னும் மிருதுவாக ஒன்று செய்து வை என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற வரிகளா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. உங்கள் ஸ்டுடியோ முதலாளி சத்தார் சார். "ஜோவினுக்கு இன்னாம்மா ஆச்சு? அதே மாதிரி, கொஞ்சம் சாஃப்ட்டா ஒரு கிக் கேட்டேன். ஒரு வாரமா குந்திக்கினு இருக்கான், வரமாட்டேங்குது. மூஞ்சியே சரியில்ல. வூட்ல ஏதாச்சும் பேஜாரா?" என்று கேட்டார். நல்ல மனிதராகத் தெரிகிறது. நிஜமாகவே உங்களை நினைத்துக் கவலைப்படுகிறார்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. எதிரே அத்தை நின்றுகொண்டு, "எம்புள்ளையப் பத்தித்தான பேசுறாரு? இன்னா சொல்றாரு?" என்று சந்தோஷமாகக் கேட்கிறார்கள். "ஒண்ணுமில்ல சார், சனிக்கிழமை வர்றாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த ஒரு வாரம் நீங்கள் தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சத்தத்தைச் செய்துவிட்டேன். நுனி இரைச்சலை எடுத்துவிட்டு, சரிவைக் கொஞ்சம் தாமதப்படுத்தினேன். பழையதைவிட இதுதான் அழகு. ஆனால் உங்களிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. திங்கட்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். காலை ரயிலில் இரண்டு பேரும் சேர்ந்தே சென்னைக்குப் போவோம். புதுச் சத்தம் பதிந்த சிடி என் பையில் இருக்கும். சார் கேட்டுப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன்.

பத்திரமாக வாருங்கள். கூட்டத்தில் படியில் நிற்காதீர்கள். கர்த்தர் உங்கள் உதடுகளைத் திறந்தருள வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

எப்சி