முடிச்சில்லாத பச்சைச் சட்டை

ஆகஸ்ட் 3, திங்கள்

இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன். சத்தியம்.

கச்சான் காற்று. முற்றத்து மணல் முழுக்கக் கண்ணுக்குள். விடுமுறையின் முதல் நாள்.

அக்காவுக்குக் கடிதம் வந்துவிட்டது! ஆசிரியர் பயிற்சி, நுவரெலியாப் பக்கம். 24ஆம் தேதி போய்ச் சேர வேண்டும். அக்கா மூன்று தரம் வாசித்தாள். நான் ஐந்து தரம்.

அப்பா வாசிக்கவில்லை. வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கியபடி கேட்டார்: "அங்க குளிர் எண்டு தெரியுமா? இவளுக்கு மூச்சு இழுப்பு இரிக்கி." பிறகு, "தொடை மூடுற கம்பளிச் சட்டை ஒண்டு இருந்தாப் போகட்டும். இல்லாட்டிப் போக ஒண்ணா."

மட்டக்களப்பில் யார் கம்பளி விற்பார்கள்? பின்னேரம் டவுனில் நான்கு கடை ஏறினோம். ஒரு கடைக்காரர், "குடை தரட்டா தங்கச்சி?" என்றார்.

அம்மாவைக் கடல் கொண்டுபோனது மாங்கேணியில். பிறகுதான் தன்னாமுனைக்கு வந்தோம். அதிலிருந்து அப்பா கடலுக்குப் போவதில்லை, வாவியோடு சரி. நாங்கள் கடைக்குப் போனாலும் திரும்பும்வரை வாசல் படலையில் நிற்பார். சண்டை முடிந்து மூன்று மாதம், பாதை திறந்துவிட்டது என்று ஊரே சொல்கிறது. அப்பாவுக்கு இன்னும் திறக்கவில்லை.

படுத்தபின் நினைவு வந்தது: டிரங்குப் பெட்டி! கடல் வந்த வருடம் நிவாரணத்தில் கிடைத்த கம்பளி உருண்டைகள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

உருண்டை ஏழு. வெளிர் பச்சை, வாழைக்குருத்து மாதிரி. தையல் நூலை விடக் கொஞ்சம்தான் தடிப்பு. உள்ளங்கையில் வைத்தால் பாரமே இல்லை. யாரோ, எங்கேயோ, எங்களுக்குக் குளிரும் என்று நினைத்து அனுப்பியிருக்கிறார்.

நூலகத்தில் பின்னல் புத்தகம். ஆங்கிலம். எடுத்து வந்து, என் அகராதியோடு வாசித்தேன். மூங்கில் சீவி நான்கு குச்சி, பென்சில் தடிப்பு. விரலில் இரண்டு வெட்டு.

அக்காவுக்கு முதுகுப் பக்கம், எனக்கு முன் பக்கம்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஒரு சாண் ஆகிவிட்டது. அகலம் சரியா தெரியவில்லை. முதலில் ஒரு துண்டு பின்னி, கழுவி, அளந்து பார்க்கச் சொல்கிறது புத்தகம். நேரமில்லை, விட்டுவிட்டோம்.

பக்கத்து வீட்டு ராசம்மா மாமி வேலிக்கு மேலால்: "என்னகா இது, இந்த வெக்கைக்குக் கம்பளி? என்ட அடைகோழிட முட்டைக்கு ஒண்டு பின்னித் தாங்க, அது எழும்பித் திரியட்டும்."

அப்பா வந்து குனிந்து பார்த்தார். நான் பின்னியதை நகத்தால் விலக்கி விலக்கித் தேடினார்.

"முடிச்சு எங்க?"

"இதுல முடிச்சு இல்லப்பா."

"வலைக்குக் கண்ணுக்கு ஒரு முடிச்சு. இது என்னத்துல நிக்கிது?"

உருவிக் காட்டினேன். ஒரு வரிசை முழுவதும் சரசரவென்று போய்விட்டது. அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும். காணும்."

நாள் முழுக்க அதே யோசனை. இந்த ஒரு சாணும் ஒரே நூல். ஒரு வளையம் அடுத்த வளையத்தைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த இடத்திலும் கட்டு இல்லை. இருந்தும் நிற்கிறது! வாழ்க்கையில் இவ்வளவு பெரிய அதிசயத்தை நான் முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு தேங்காய் துருவியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, புதன்

பரிசோதனை. சட்டைக் கை ஒன்று முடிந்தது. அதற்குள் என் இடது கையை விரல் தெரியாமல் விட்டேன். வலது கை சும்மா. இரண்டையும் அப்பாவின் மீன் பெட்டியில், ஐஸுக்குள் புதைத்து அக்காவை எண்ணச் சொன்னேன்.

வலது: 40இல் எடுத்துவிட்டேன். இடது: 200 தாண்டியும் இருந்தது!

இத்தனை ஓட்டை. அந்தப் பக்கம் வாவி தெரிகிறது. குளிர் மட்டும் வரவில்லை. எப்படி?

கை இறால் நாறுகிறது. அக்கா திட்டினாள்.

சோறு வடிக்கக் குசினிக்குப் போய்த் திரும்பும்போது கண்டேன்: அப்பா அந்தப் பச்சைக் கையைத் தன் கையில் மாட்டி, ஐஸ் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கழற்றினார்.

ஆகஸ்ட் 19, புதன்

ஏழாவது உருண்டை தீர்ந்தது. தைத்து முடித்தோம். அக்கா போட்டுப் பார்த்தாள்.

இடுப்பெலும்போடு நின்றுவிட்டது. தொடைக்கு இன்னும் ஒரு சாண் வேண்டும். அகலமோ சாக்கு.

"இதுக்குள்ள நீயும் வரலாம் புள்ள," என்று அக்கா சிரித்தாள். சிரித்தபடியே கழற்றி மடித்தாள். பிறகு கடிதத்தை எடுத்து அகராதிக்குள் வைத்தாள். அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அளவைத் தவறவிட்டது நான். எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 20, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இறால் நாற்றம் போகட்டும் என்று காலையில் சட்டையைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, புத்தகத் தவணை நீடிக்க நூலகம் போனேன். அக்கா கிணற்றடியில். அப்பா வாவியிலிருந்து வந்திருக்கிறார். பேசினில் நனைந்த பின்னல் ஒன்று. நனைந்த பின்னலை அவர் என்ன செய்வார்? இரண்டு கைக்கும் ஊடாகக் கம்பு ஒன்றைச் செலுத்தி, வலை காயும் மரங்களுக்கிடையே தொங்கவிட்டு, காற்றில் சுருளாமல் கீழ் ஓரம் முழுக்க வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கட்டிவிட்டார்.

படலையிலேயே கத்திவிட்டேன். "ஐயோ அப்பா! படுக்கையாத்தான் காயவைக்க வேணும்! புத்தகத்தில இரிக்கி! தொங்கவிட்டா இழுபட்டுப் போகும்!"

"கழட்டாத. அரைகுறையாக் காஞ்சா கோணும்," என்றார்.

நான்கு மணிக்குக் கழற்றினோம். அக்கா போட்டாள். சாக்கு அகலம் போய்விட்டது, உடம்போடு நிற்கிறது. நீளம், தொடையின் பாதி! உதறினோம், குனிந்தாள், இருந்து எழும்பினாள். ஓரம் மேலே ஏறவில்லை. ஒரு அங்குலம் நூல் கூடவில்லை, சட்டை ஒரு சாண் வளர்ந்திருக்கிறது.

அப்பா அவளைச் சுற்றி வந்தார். தொடையோரம் சாண் வைத்துப் பார்த்தார். "நனைச்சு அளக்க வேணும். நீங்க காஞ்சதில அளந்திருக்கீங்க."

மறுபடி வலையருகே போய் இருந்தார்.

"திங்கக்கிழமை பஸ் எத்தின மணிக்கு?"

அக்கா இந்தத் தடவை அழுதாள்.

ஈயக்குண்டுகளை நான்தான் அவிழ்த்தேன். முப்பத்திரண்டு. வலைக்கே அவ்வளவு நெருக்கமாகக் கட்டமாட்டார். கேட்டேன். "காத்து," என்றார். தெரியாமல் செய்தாரா, தெரிந்தா? எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

நாளை விடிய பஸ். அப்பாவும் கூடப் போகிறார், பதுளை வரைக்கும் என்கிறார். பெட்டிக்குள்: துணி, இழுப்பு மருந்து, மாமி தந்த எள்ளுருண்டை, என் அகராதி (கடன்).

சட்டையைக் காணவில்லை. தேடினால் அப்பாவின் மடியில். வலை ஊசியும் நைலோன் நூலும் எடுத்து, கீழ் ஓரத்தைச் சுற்றி விரலகலத்துக்கொரு முடிச்சு போட்டுக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, அது தானா நிக்கும்."

"நிக்கும். குளிரையும் தடுக்கும், ஐஸுக்க கைய விட்டுப் பாத்தனான்தானே." பல்லால் நூலைக் கடித்தார். "எண்டாலும் முடிச்சில்லாம அனுப்ப ஒண்ணா மகள்."

பச்சைக்கு நீல முடிச்சு. பொருந்தவே இல்லை. அக்கா அதைப் போட்டுக்கொண்டே பாயில் படுத்திருக்கிறாள், வியர்க்க வியர்க்க.

அப்பா குனிந்து அவள் சட்டையின் கடைசி முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு எழும்புகிறார். "காணும் புள்ள, எழுதினது." லைட்டை நூர்க்கக் கை நீட்டுகிறார்.