வெறுங்கழுத்து

3 ஜூன் 2024, திங்கள்

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. கொஞ்சம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தேன். இப்படியே போனால் கை வைத்து வைத்தே அவளுக்குச் சூடு வரவழைத்துவிடுவேன் போல.

அவர் உப்பளத்திலிருந்து வந்ததும் கதவைத் திறந்தேன். பேசுவதற்கு முன்னால், வழக்கம்போல, மோந்து பார்த்தேன். வியர்வை, டீசல், உப்புத்தண்ணி. வேறு இல்லை. அவர் குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. என் மூக்குதான் இன்னும் விடவில்லை.

சாயங்காலம் இவர் போகும் சபையிலிருந்து பாஸ்டரம்மா வந்திருந்தார்கள். அடுத்த மாதம் கடலில் முழுக்கு ஞானஸ்நானமாம். "பிரதர் எடுத்துட்டாரு. நீங்களும் எடுத்துட்டா குடும்பமே ரட்சிப்புக்குள்ள வந்துரும் சிஸ்டர்." அதற்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பூ, பொட்டு, கம்மல், கடைசியில் தாலி. குழந்தைக்கு எந்த மருந்து எந்த வேளைக்கு என்று சொல்வதுபோல அன்பாகத்தான் சொன்னார்கள். கோபப்படக்கூட இடம் கொடுக்கவில்லை.

பிறந்ததிலிருந்து எனக்கு மாதா கோயில்தான். அவருக்கும் அப்படித்தான் இருந்தது. இந்தத் தாலியைக் கோயிலில், பூசை நடுவில், கட்டினதே அவர்தானே?

5 ஜூன், புதன்

பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. எனக்குத்தான் தூக்கம் இல்லை.

9 ஜூன், ஞாயிறு

நானும் பாப்பாவும் பாண்டி போய்வந்தோம். காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேர்: நான், சந்தியா, நஸ்ரீன். சந்தியா பாண்டியிலேயே ஒரு ஸ்கூலில் டீச்சர், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நஸ்ரீன் கோட்டக்குப்பத்தில் மாமியாரோடு இருக்கிறாள், வீட்டுக்காரர் துபாயில். முடிந்தபோதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீச்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்பது, கடை கடையாகப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவது. இதற்குத்தான் நான் வாரமெல்லாம் காத்திருக்கிறேன் என்று எழுதினால் பாவமா?

சபையில் எல்லோரும் என்னை சிஸ்டர் என்கிறார்கள், போன வாரம் இவரே வாய் தவறி "சிஸ்டர், சோறு போடு" என்றுவிட்டார் என்று சொன்னேன். நஸ்ரீன் ஐஸ்கிரீமை அப்படியே பிடித்தபடி யோசித்தாள்.

"அப்போ உம் பொண்ணுக்கு நீ அம்மா இல்லடி. அத்தை."

"தாலியில நாத்தனார் முடிச்சு வேற இருக்குதே," என்றாள் சந்தியா. "சகா, உனக்கு நீயே போட்டுக்கிட்டியா?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். பாப்பாவும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

பிறகு தாலியைப் பற்றிச் சொன்னேன். நஸ்ரீன் தன் கல்யாணக் கருகமணியை எடுத்து வெளியே விட்டாள். "என்னைப் பாரு. மணி கழுத்துல, மனுஷன் துபாயில. நடுவுல நெட்வொர்க் மட்டும்தான். மணியா புருஷனைப் புடிச்சு வெச்சிருக்குது?" மணியை மறுபடி உள்ளே விட்டுக்கொண்டே, "ஆனா கழட்டுன்னு சொன்னா கழட்ட மாட்டேன்," என்றாள்.

"உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு," என்றாள் சந்தியா.

பாப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தேன். பதில் இல்லாதபோதெல்லாம் எனக்கு இவள் இருக்கிறாள்.

10 ஜூன், திங்கள்

பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்கா காலையிலேயே கேட்டார்: "நேத்து உம் பேரு மைக்ல வந்துச்சே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான் பாண்டியில் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே சபையில் இவர் எனக்காக ஜெபக்குறிப்பு கொடுத்திருக்கிறார். 'சகாயம் சிஸ்டருடைய மனக்கண் திறக்கப்பட' என்று. காய்ச்சல் வந்தவர்கள், கோர்ட் கேஸ் உள்ளவர்கள், நடுவில் நான். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. என் பேர் சகாயமேரி. மேரியை வெட்டிவிட்டார்கள். இவரும் அந்தோணிராஜ் இல்லை, பிரதர் ராஜ்.

எனக்கு வந்த கோபம். என்னை நோயாளின்னு மைக்ல சொல்ல உங்களுக்கு யார் உரிமை குடுத்தா? நான் என்ன குடிச்சேனா, அடிச்சேனா? கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீயும் வந்துட்டா எனக்கு பலமா இருக்கும். ஒத்தையா நின்னா வுழுந்துருவேன் சகாயம்," என்றார்.

இதற்கு நான் என்ன செய்ய? என் நெற்றிப் பொட்டுக்கும் அவர் குடிக்கும் எங்கே முடிச்சு விழுந்தது?

13 ஜூன், வியாழன்

அந்தோணியார் திருநாள். இவர் பெயர் கொண்ட நாள். போன வருடம்வரை இருவரும் சேர்ந்துதான் போனோம். இன்று நானும் பாப்பாவும் மட்டும். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நின்றேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. இவரைத் திருப்பிக் கொடு என்றா? குடியிலிருந்து இவரைத் திருப்பிக் கொடுத்ததே அந்தச் சபைதானே.

அதை மறக்கக் கூடாது. போன வருடம் மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்துப்போனபோது, இவரோடு லாரிக்கு லோடு ஏற்றிய பாலகுருவும் போனார். அன்றைக்கு இவரும் போயிருப்பார். எனக்கு ஆறாம் மாதம், விடாமல் வாந்தி, அதனால் வீட்டில் இருந்தார். அதற்கப்புறம் குடிக்கவும் பயம், குடிக்காமல் இருக்கவும் முடியாமல் கைகால் நடுங்கிக் கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பாஸ்டர் ஜெயப்பிரகாஷ்தான். வாந்தியைத் துடைத்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எங்கள் கோயிலிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கடவுள் ஒருவர்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிறகு ஏன் என் வீட்டுக்குள் மட்டும் இரண்டு பேராக வந்து உட்கார்ந்திருக்கிறார்?

17 ஜூன், திங்கள்

நேரமாகியும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். வந்தார். லாரி டயர் வெடித்துவிட்டதாம். கதவைத் திறந்ததும் என் தலை தானாக முன்னால் போனது.

"மோந்து பாத்துட்டியா?" என்றார். "இன்னும் கிட்ட வரட்டுமா?"

வெட்கமாகிவிட்டது. இருவரும் சாப்பிட்டோம்.

20 ஜூன், வியாழன்

டி.வி.யில் கள்ளக்குறிச்சி. மறுபடியும் சாராயம். ஆஸ்பத்திரி வராந்தா, மார்பில் அடித்துக்கொள்ளும் பெண்கள். இவர் சோற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். சோறு கையிலேயே காய்ந்தது. நான் டி.வி.யை நிறுத்தினேன். "போடு," என்றார். போட்டேன்.

21 ஜூன், வெள்ளி

கழற்றிவிட்டேன்.

அவர் குளிக்கப் போயிருந்தபோது. முதலில் கம்மல், பொட்டு. தாலிச் சங்கிலியின் கொக்கி இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் திறந்தேன். எல்லாவற்றையும் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். நம்பிக்கையால் செய்யவில்லை, பயத்தால் செய்தேன். அது சாமிக்குத் தெரியாதா?

அவர் பார்த்தார். ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பாப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பால் குடிக்கும்போது சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பாள். இன்று அந்தக் கை என் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

23 ஜூன், ஞாயிறு

எப்படி எழுதுவது.

பாண்டிக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு வயசான அம்மா. உப்பு வாருகிறவர், வெளுத்து வெடித்த பாதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குப் போகிறாராம். ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தார்.

"புள்ளைக்கு எத்தினி மாசம்?"

"பத்து மாசங்க."

என் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். வாய்க்குள் கணக்குப் போட்டார். "அப்போ வயித்துல இருக்கச்சியேவா?"

"என்னங்க?"

"உன் ஊட்டுக்காரரு. போன வருசம் அந்தச் சாராயத்துலயா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே. ஒரு வார்த்தை. இல்லைங்க, அவர் நல்லா இருக்காருங்க. ஆனால் அதைச் சொன்னால் கழுத்தைப் பற்றிச் சொல்லணும், சபையைச் சொல்லணும், கோயிலைச் சொல்லணும், எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க, எனக்கு அலுப்பா இருந்துச்சு. வாய் என்ன சொன்னது தெரியுமா? "ம்" என்றது.

"எம் மருமவளும் இப்பிடித்தான் நிக்கிறா," என்றார். முன்சீட்டுப் பெண் திரும்பி த்சொ என்றாள். அந்த அம்மா பாப்பாவின் காலைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அழுவாத. புள்ள பாக்குது. நான் ஒத்தையில ரெண்ட வளத்து வுட்டேன், நீ படிச்ச பொண்ணு." இறங்கும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறமும் பாண்டி வரைக்கும் அந்த பஸ்ஸில் நான் விதவையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். என் புருஷனை என் வாயாலேயே கொன்றுவிட்டு.

பீச்சில் சொன்னபோது சந்தியாவும் நஸ்ரீனும் சிரிக்கவில்லை. "போன் போடு," என்றாள் நஸ்ரீன். "இப்பவே போடு. குரலைக் கேளு."

போட்டேன்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. இருக்கீங்களா?"

"இருக்கேன். எங்க போவப் போறேன்?"

வைத்துவிட்டேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

24 ஜூன், திங்கள்

பஸ்ஸில் நடந்ததை இவரிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து வெளியே போனார். போச்சு, கடைக்குத்தான் போறாருன்னு நெனச்சேன். மாதாவே, நானே அனுப்பிட்டேன்னு நெனச்சேன். வாசலில் குழாயடியில் கை கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார்.

"எங்க வெச்ச?"

பீரோவைக் காட்டினேன்.

"உயிரோட இருக்கணும்னுதான் நான் சபைக்கே போறேன். நீ என்னைச் செத்தவன்னு சொல்லிக்கினு ரோட்டுல நடப்பியா?"

"நான் சொல்லலைங்க. அவங்கதான்…"

"'ம்'ன்ன இல்ல?"

பின்னால் வந்து நின்று தாலியைப் போட்டுவிட்டார். லோடு ஏற்றி மரத்துப்போன விரல், கொக்கி லேசில் மாட்டவில்லை. கழுத்தில் அவர் மூச்சு பட்டது. அப்போதும் நான் மோந்துதான் பார்த்தேன். குழம்பு வாசனை.

"இதனால நீங்க வுழுந்துட்டீங்கன்னா?" என்று கேட்டேன்.

"வுழுந்தா என் வாயாலதான் வுழுவேன். உன் கழுத்தால இல்ல."

இதை நம்பலாமா? தெரியவில்லை. நம்பிப் பார்க்கிறேன்.

28 ஜூன், வெள்ளி

பாப்பா சங்கிலியைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். நானும்.

7 ஜூலை, ஞாயிறு

கடற்கரையில் ஞானஸ்நானம். நான் காலைப் பூசைக்குப் போய்விட்டு வீட்டில் இருந்தேன். அவர் போய் ஷாமியானா கட்டி, நாற்காலி இறக்கி, முழுகி எழுந்தவர்களுக்குத் துண்டு கொடுத்துவிட்டு வந்தார். கால்சட்டை முட்டிவரை ஈரம்.

பாஸ்டருக்கு வருத்தம்தான் போல. "சகாயம் சிஸ்டரை ஜெபத்துல வெச்சுக்கறோம்" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவளுக்கு வேணாம் பாஸ்டர், எனக்கு வெச்சுக்கங்கன்னேன்."

பாஸ்டரம்மா இந்த வாரம் வீட்டுப்பக்கம் வரவில்லை. வந்தால் காபி போட்டுக் கொடுப்பேன். எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. அசதிதான்.

21 ஜூலை, ஞாயிறு

"வெயில்ல எதுக்கு, பாப்பாவ வுட்டுட்டுப் போ," என்று அவராகத்தான் சொன்னார். முதல் தடவை. காய்ச்சல் மருந்து எங்கே, மாற்று டிரஸ் எங்கே என்று நான் சொல்லிக்கொண்டே நிற்க, "பஸ் போயிரும் சகாயமேரி," என்று அவரே துரத்திவிட்டார்.

சண்டே மார்க்கெட்டில் சந்தியா ஒரு செருப்புக்குப் பேரம் பேசி, கடைக்காரரைக் களைக்கவைத்து, கடைசியில் வாங்கவில்லை. நஸ்ரீன் தலையில் அடித்துக்கொண்டாள். கை சும்மா இருப்பது எனக்கு என்னவோபோல இருந்தது. இடுப்பு தானாக ஒருபக்கம் சாய்ந்தே நின்றது. டீக்கடையில் உட்கார்ந்தபோது போன். இவர்தான்.

"கஞ்சி வெச்சுட்டேன். உப்பு எவ்ளோ போடணும்?"

"உப்பே போடக் கூடாதுங்க. ஒரு வயசு ஆவட்டும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம்.

"நான் லாரி லாரியா ஏத்தி ஊருக்கெல்லாம் அனுப்பறேன். எம் பொண்ணு வாயில ஒரு சிட்டிகை வெக்கக் கூடாதா?"

"கூடாது."

"துப்பறா."

"நீங்க தின்னு பாருங்க, நீங்களும் துப்புவீங்க."

தின்று பார்த்தார் போலிருக்கிறது. காறித் துப்பும் சத்தம், பாப்பா கெக்கலித்துச் சிரிக்கும் சத்தம். "நீ மெதுவா வா," என்று வைத்துவிட்டார்.

சந்தியா கடிகாரத்தைப் பார்த்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சா சகா? இல்ல, இன்னொரு டீ சொல்லட்டுமா?"

"சொல்லு," என்றேன்.