ஆறாவது பச்சை அட்டை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கிழக்குப் பக்கச் சாரத்துக்குச் சிவப்பு அட்டைதான் மாட்டினேன். மூன்றாவது தட்டில் இரண்டு கிளாம்ப், கையால் தொட்டாலே ஆடுகிறது. கீழே பூச்சு ஆட்கள் எட்டுப் பேர் கரணையும் கையுமாக நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர்கள் வீட்டு அடுப்பில் நான் தண்ணீர் ஊற்றிவிட்ட மாதிரி.

விதி எளிமையானது. பூச்சு வேலை நகர நகரச் சாரமும் இடம் மாறும். மாறுகிற ஒவ்வொரு முறையும் சேஃப்டி ஆபீசர் எல்லாத் தட்டிலும் ஏறிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை அட்டையில் தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஏணியின் அடியில் மாட்ட வேண்டும். பச்சை இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது. அந்த ஆபீசர் நான். அந்தச் சாரத்தைக் கட்டுகிற மேஸ்திரி என் வீட்டுக்காரர். என் எதிரிக்கும் இந்த வேலை வேண்டாம்.

சைட்டில் எனக்குப் பட்டப்பெயரே 'சிவப்பு அட்டை'. "அண்ணனுக்கு வீட்ல என்ன அட்டைன்னு கேளுடா" என்று வெல்டர் சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினான். என்ன கெட்ட சேதி சொன்னாலும் பல்லைக் காட்டிக்கொண்டே சொல்வான். சிரிச்ச மூஞ்சி. "நீங்க ஏறி இறங்குற நேரத்துல இன்னொரு மாடியே கட்டிடலாம் மேடம்" என்றான். கிளாம்ப் ஆடுவதைச் சொன்னேன். "உங்க வீட்டு ஆளு கட்டுனதுதானே? வீட்லயே பேசிக்கக் கூடாதா?" என்றான். அறையலாம் போல இருந்தது.

வெளியே வந்தால் பூச்சுக்காரர் ஒருவர். ஒல்லி, முன்கோபி. போன மாதம் சேஃப்டி பெல்ட் போடாமல் ஏறினார் என்று எல்லார் முன்னாலும் திட்டி இறக்கிவிட்டேன். அன்றிலிருந்து என்னைக் கடுப்பேற்றவே காலை முதல் மாலை வரை பெல்ட்டைக் கழற்றுவதில்லை. டீ குடிக்கும்போதும் இடுப்பில் அது தொங்குகிறது. என்னைக் கண்டால் கொக்கியை வேண்டுமென்றே கணகணவென்று ஆட்டி, "தூங்குறப்பவும் போட்டுக்கட்டுமா மேடம்?" என்பார். போட்டுக்கொள்ளும் ஐயா, எனக்கென்ன.

ஆனால் கொக்கியை மாட்ட ஓரிடம் வேண்டுமே. ஒவ்வொரு தட்டிலும் கம்பிக் கயிறு இழுத்துக் கட்டச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுத்தேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 7, சனி

வீட்டில் பேச்சு வார்த்தை நின்று இன்றோடு பதினோரு நாள். நடுவில் மகள்தான் தபால்காரி.

"அம்மா, அப்பா உப்பு கேக்குறாரு."

"உங்கப்பாவுக்குக் கையில்லையான்னு கேளு."

"ரெண்டு பேரும் இந்த மாசத்துக்குள்ள ராசியாகிடுங்க. எனக்குப் பரீட்சை இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

இதை எழுதலாமா? என் நோட்டுத்தானே. எழுதுகிறேன்.

மதியம் இவர் தானாக வந்து எதிரில் உட்கார்ந்தார். கோபமாகக்கூட இல்லை. "இருபத்திரண்டு வருஷமா சாரம் கட்டுறேன். என் கையால கட்டுனதுல ஒருத்தன் விழுந்ததில்ல. ஊரே நம்புது. நீ மட்டும் ஆட்டி ஆட்டிப் பாக்குற. என் ஆளுங்க முன்னாடி நான் தலைநிமிந்து நிக்க வேணாமா?" என்றார். குரல் உடைந்தது. அடாவடியாகக் கேட்டிருந்தால் நானும் அடாவடியாகவே பதில் சொல்லியிருப்பேன்.

பையிலிருந்து பச்சை அட்டைக் கட்டு ஒன்றை எடுத்தேன். பத்து அட்டையில் கையெழுத்துப் போட்டேன். தேதி மட்டும் காலி. அவர் கையில் கொடுத்தேன். "நான் பாக்குற மாதிரியே பாத்துட்டு மாட்டணும். ஒரு கிளாம்ப் விடாம" என்றேன். "சத்தியமா" என்றார்.

முழங்கால் வலியும் ஒரு காரணம். பொய் எதற்கு?

மார்ச் 9, திங்கள்

பேசுகிறார். காலையில் டீ போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 13, வெள்ளி

கிழக்குப் பக்கம் போகவே இல்லை. மேற்கே கிரேன், தளக் கம்பி, மின்வயர் என்று நூறு வேலை. மேனேஜர் என்னைப் பார்த்து நிஜமாகவே சிரித்தான் என்று நினைக்கிறேன். அது இன்னும் கேவலமாக இருந்தது.

மார்ச் 19, வியாழன்

பூச்சுக்காரர் விழுந்துவிட்டார்.

காலை பதினொன்றே கால். மூன்றாவது தட்டு. பலகையைக் கம்பி போட்டுக் கட்டவில்லை. அவர் கால் வைத்ததும் நழுவிவிட்டது. பலகையோடு சேர்ந்து கீழே. இடுப்பெலும்பு, வலது மணிக்கட்டு. மயக்கம் இல்லை, என்னைப் பார்த்தார். அவர் இடுப்பில் பெல்ட் இருந்தது. கொக்கி மண்ணில் கிடந்தது. அதை மாட்டக் கயிறு எங்கே? ஒரு தட்டிலும் இல்லை.

ஏணியின் அடியில் பச்சை அட்டை. இன்றைய தேதி என் வீட்டுக்காரர் கையெழுத்தில். கீழே என் கையெழுத்து, அழகாக, அவசரமில்லாமல்.

அவரிடம் கொடுத்த அட்டைக் கட்டில் மீதி எத்தனை என்று போய் எண்ணினேன். நாலு. அப்படியானால் இது ஆறாவது.

மார்ச் 20, வெள்ளி

சிரிச்ச மூஞ்சி விபத்து அறிக்கைப் படிவத்தைத் தானே எடுத்து வந்தான். 'காரணம்' என்ற கட்டத்தை விரலால் தட்டிக் காட்டினான்.

"பெல்ட் போடலைன்னு எழுதிடுங்க மேடம். ஆளோட தப்புன்னு ஆயிடும். கம்பெனிக்குத் தலைவலி இல்ல. உங்க வீட்டு ஆளுக்கும் இல்ல. உங்களுக்கும்தான்." கடைசி வார்த்தையில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். அட்டை விஷயம் தெரிந்திருக்கிறது.

"அவர் தப்புன்னு ஆனா வைத்தியம்?" என்றேன்.

"முதலுதவி பண்ணியாச்சே."

படிவத்தை வாங்கிக்கொண்டேன். நாலாக மடித்துப் பையில் திணித்தேன். பயமா கோபமா? ரெண்டும்தான்.

ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், இடுப்பில் தகடு வைக்க வேண்டுமாம். இனி சாரம் ஏற முடியாதாம்.

மார்ச் 21, சனி

என் புருஷன், இவன், அந்தப் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்! 'பெல்ட் அணியாமல் ஏறியதை நேரில் பார்த்தேன்.' நேற்றே போட்டுவிட்டானாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"அந்தாளு டீ குடிக்கறப்பக்கூடப் பெல்ட்டோட இருப்பான். சைட்டுக்கே தெரியும். எப்படி உனக்கு மனசு வந்துச்சு?" என்று கத்தினேன்.

"மெதுவாப் பேசு."

"பலகைய ஏன் கட்டல?"

"கம்பி தீந்துடுச்சு. மதியம் கட்டிக்கலாம்னு..."

"அட்டைய மட்டும் காலைலயே மாட்டத் தெரிஞ்சுதா?"

"உண்மைய எழுதினா நான் மட்டும் இல்ல, நீயும்தான் போவ. ஏறாமக் கையெழுத்துப் போட்டது யாரு? நானா?" என்றான்.

தண்ணீர்ச் செம்பைத் தூக்கி எறிந்தேன். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். போகட்டும், ஒழியட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

மாமியார் போன் செய்தார். "புருஷனைக் காட்டிக்குடுத்துட்டு எந்த வீட்ல வாழப் போற?" என்றார். இந்த வீட்டில்தான், வாடகை நான்தான் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு நெடுநேரம் போனையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 23, திங்கள்

எழுதிவிட்டேன்.

'பலகை கட்டப்படவில்லை. பாதுகாப்புக் கயிறு அமைக்கப்படவில்லை. தொழிலாளி பெல்ட் அணிந்திருந்தார். சாரத்தை நான் சோதிக்கவில்லை. தேதியிடாத பத்து அட்டைகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு மேஸ்திரியிடம் கொடுத்திருந்தேன்.'

ஒரு பிரதியைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். இன்னொன்றைச் சிரிச்ச மூஞ்சியின் மேஜையில் வைத்தேன். படித்தான். முதல் தடவையாக அந்தப் பல்லெல்லாம் உள்ளே போனது. "உங்களுக்குப் பைத்தியமா மேடம்?" என்றான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பைத்தியம். இப்போது தெளிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வழக்கம்போல மாடிப்படி இறங்கும்போதுதான் தோன்றியது.

மார்ச் 31, செவ்வாய்

விசாரணை. நான் உள்ளே ஒரு மணி நேரம். ஆய்வாளர் பெண்மணி என்னைவிடச் சிறியவள். திட்டவில்லை. "பத்து அட்டை, ஒரே நாள்ல?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்று இரண்டு முறையும் சொன்னேன். பூச்சு ஆட்களில் இரண்டு பேர் பெல்ட்டைப் பார்த்ததாகச் சொன்னார்களாம். என்னைத் திட்டிக்கொண்டேதான் சொன்னார்களாம். சரி.

அடுத்து இவனைக் கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெட்கம் கெட்டவள் நான், இவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று கொஞ்சம் ஆசைப்பட்டேன். பத்து நிமிடத்தில் வந்தான். என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.

ஏப்ரல் 9, வியாழன்

முடிவு வந்துவிட்டது. பூச்சுக்காரர் மேல் தப்பில்லை. வைத்தியமும் நஷ்ட ஈடும் கம்பெனி பொறுப்பு. எனக்கு வேலை இல்லை, மூன்று வருடம் சேஃப்டி ஆபீசராகக் கையெழுத்துப் போடத் தடை. இவன் கோஷ்டிக்கும் அந்தக் கம்பெனியில் இனி இடம் இல்லை. சிரிச்ச மூஞ்சியை வேறு சைட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கே போனாலும் பல் முளைத்துவிடும் அவனுக்கு.

இவன் வாக்குமூலத்தின் நகலைப் படித்தேன். கடைசி வரை அதே பொய். 'பெல்ட் அணியவில்லை.'

எரிகிறது எனக்கு.

ஏப்ரல் 12, ஞாயிறு

பூச்சுக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். உள்ளே கட்டிலில் அவர் கால் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

"நீங்க எழுதினதாலதான் பணம் வருதுன்னு சொன்னாங்க" என்றாள். தலையாட்டினேன்.

"பத்து அட்டைன்னாங்களே. இவரு ஏறினது எத்தனாவது?"

"ஆறாவது."

"அப்ப அஞ்சு தடவ தப்பிச்சிருக்காரு. எங்களுக்குத் தெரியவே தெரியாது." அழவில்லை. "நீங்க கிளம்புங்க. அவருக்கு உங்களைப் பாக்க வேணாமாம்."

வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அவள்மேல் கோபம் வந்தது. அவள்மேல் எதற்கு? வேறு யார்மேலும் வர இடமில்லை. என்மேல்தான் பாக்கி.

ஏப்ரல் 20, திங்கள்

ஹார்டுவேர் கடையில் வேலை. நட்டு, போல்ட், கிளாம்ப். வாங்க வருகிறவர்களிடம் "எதுக்கு? எத்தனை தட்டு?" என்று கேட்கிறேனாம். முதலாளி எரிச்சல்படுகிறார்.

மே 16, சனி

மகள் சொன்னாள்: "அப்பா உன்னை வரச் சொல்றாரு. மூணு மாடி வீடு, பெயிண்ட் வேலை. சாரம் கட்டியாச்சாம். நீ பாக்கணுமாம்."

"நான் என்ன அவரு வீட்டு வேலைக்காரியா? எனக்குக் கையெழுத்துப் போடவே அதிகாரம் கிடையாதுன்னு போய்ச் சொல்லு."

"சொன்னேன். அவருக்குத் தெரியுமாம்."

மே 18, திங்கள்

போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. சண்டை போடத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பெயிண்டர்கள் நாலு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலை தொடங்க வேண்டிய நேரம் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இளைத்திருந்தார். ஏணியைக் கையால் காட்டினார்.

ஏறினேன். ஒரு குறை கிடைக்காதா என்றுதான் ஏறினேன். கிளாம்ப் ஒவ்வொன்றையும் ஆட்டினேன், உதைத்தேன். பலகைகள் ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் கம்பி போட்டு முறுக்கியிருந்தார். ஒவ்வொரு தட்டிலும் கம்பிக் கயிறு விறைப்பாக. தொங்கிப் பார்த்தேன். முழங்கால் உயிர் போயிற்று. ஒரு குறையும் இல்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது, கோபத்தில். இதை அன்றைக்குக் கட்டியிருந்தால் என்னய்யா உனக்கு?

இறங்கினேன். "அந்தப் பொய்ய எப்ப மாத்திச் சொல்லப் போற?" என்று பெயிண்டர்கள் முன்னாலேயே கேட்டேன்.

"நேத்துப் போனேன். பூச்சுக்காரர் வீட்டுக்கு" என்றார் தரையைப் பார்த்து. "உள்ள விடல."

"விடமாட்டாங்க. ஆய்வாளர்கிட்டப் போ."

ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஏறலாமா?" என்று கேட்டார்.

"ஏறலாம்."

பெயிண்டர்கள் எழுந்தார்கள். வீட்டுக்கு வா என்று நான் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. பின்பக்கச் சாரம் புதன்கிழமை, காலை ஏழு மணிக்கு வர முடியுமா என்றார். கடையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வர முடியும், எட்டுக்கு முன்னால் வரமாட்டேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தேன்.

"சரி, எட்டுக்கு வா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அதுவரைக்கும் ஒருத்தரும் ஏறமாட்டாங்க."