மேல் ஒரு அங்குலம்

மார்ச் 4, 2025, செவ்வாய்

முன் தளத்தின் நுனியிலிருந்து கை அகலத்துக்கு கான்கிரீட் பெயர்ந்து மருமகள் பூவிழியின் ஸ்கூட்டி மேல் விழுந்தது. நல்லவேளை, ஆள் இல்லை. சீட்டுதான் கிழிந்தது. மகன் மணிகண்டன் மேலே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

முன் அறைக்கு மேல் போட்ட தளத்தையே தூண் இல்லாமல் வாசலுக்கு நாலடி நீட்டியிருந்தேன். 1998இல் இந்தத் தெருவில் வேறு எவன் போட்டான்? நீட்டிய தளத்துக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும் என்று எந்தக் காலேஜும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கையை நீட்டி அதில் செங்கல்லைத் தூக்கினால் தோளின் மேல்பக்கம் இழுக்கிறதே, அதை வைத்துத் தெரிந்துகொண்டவன் நான்.

மார்ச் 6

நூல் கட்டிப் பார்த்தேன். நுனி முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மணிகண்டன் வானூரிலிருந்து இன்ஜினியரைக் கூட்டி வந்தான். கீதாஞ்சலி என்ற பெண். வயது இருபத்தைந்து இருக்கும். சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டது.

"உள்ள உப்பு போயிருக்குங்க ஐயா. கம்பி துரு புடிச்சு உப்பி, கான்கிரீட்டத் தள்ளுது."

அது எனக்கும் தெரியும். எப்படிப் போனது என்பதுதானே கேள்வி? அதற்குள் என் மகன் தீர்ப்பே சொல்லிவிட்டான். "உப்பளத்துக் கெணத்துத் தண்ணிலயே கலந்திருப்பாரு மேடம். அப்பல்லாம் எவன் பாத்தான்?"

நான் பார்த்தேன்டா! கீழ்புத்துப்பட்டிலிருந்து டிரம் டிரம்மாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து, ஒவ்வொரு டிரம்மையும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் கலவையில் ஊற்றவிட்டேன்.

"நான் கட்டுன நாப்பது வீடும் நிக்குது, போய்ப் பாருடா" என்றேன்.

"நம்ம வீடு நிக்கலயேப்பா" என்றான்.

மார்ச் 10

அவனோடு பேச்சில்லை. சாப்பாடும் தனியாக.

மார்ச் 12

இன்ஜினியர் பெண்ணுக்கு நானே போன் போட்டேன். நான் உப்புத் தண்ணீரில் கலந்தேனா இல்லையா என்று நிரூபிக்க வழி உண்டா? உண்டாம். தளத்தை அங்குலம் அங்குலமாகத் துளைத்து, தூளைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டுமாம்.

"கலவையிலயே உப்பு இருந்தா மேலேருந்து அடி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கும். பின்னாடி வந்ததுன்னா மேல ஜாஸ்தி, போகப் போகக் கொறையும்."

மூளை இருக்கிறது. "துளைம்மா" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

தளத்தின் மேல் ஒட்டியிருந்த தட்டோட்டைப் பெயர்த்து, அதற்கடியில் துளைத்து நாலு பொட்டலம் தூள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

என் வீட்டுக்காரி தெய்வநாயகி உயிரோடு இருந்தால் மகனை இரண்டு கேள்வி கேட்டிருப்பாள். தளம் போட்ட மறுநாளே நான் சென்னை வேலைக்குப் போய்விட்டேன். போகும்போது, தளத்தின் மேல் சின்னச் சின்னப் பாத்தியாக வரப்புக் கட்டிக் கொடுத்து, "இருபத்தோரு நாள் தண்ணி நிக்கணும். ஒரு நாள் காஞ்சிருந்துதுன்னா வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு நாளும் காயவிடவில்லை அவள். அப்படி வளர்ந்த தளம் அது.

மார்ச் 27

சோதனைப் பேப்பர் வந்துவிட்டது. மகன் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்தது அந்தப் பெண்.

"ஐயா, நீங்க ஜெயிச்சிட்டீங்க."

மேல் ஒரு அங்குலத்தில் உப்பு ஏராளம். அடுத்த அங்குலத்தில் பாதி. அடியில் இல்லவே இல்லை. கலவை சுத்தம். வரட்டும் அவன், மூஞ்சிக்கு நேராக நீட்டுகிறேன் என்று எழுந்தேவிட்டேன்.

"அப்ப மேல எப்படிம்மா வந்துச்சு? கடல் காத்தா?"

"தட்டோட்டுக்கு அடியில காத்து உப்பு இவ்ளோ சேராதுங்க. தளம் பச்சையா இருக்கும்போதே மேல உப்புத் தண்ணி நின்னிருக்கணும். யாருங்கய்யா தண்ணி கட்டுனாங்க?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 28

லூர்துமேரியிடம் போனேன். தெய்வநாயகியோடு உப்பளத்தில் ஒன்றாக வேலை செய்தவள்.

"குடிக்கவே நாலு நாளைக்கு ஒரு தரம்தாண்ணே தண்ணி வந்துச்சு. அக்கா எங்க போவும்? வேல முடிஞ்சதும் அளத்துக் கெணத்துலேர்ந்துதான் தூக்கிச்சு. ஒரு இடுப்புல கொடம், ஒரு இடுப்புல மணிகண்டன். நான்கூட கேட்டேன், உப்புத் தண்ணிய ஊத்தலாமாக்கான்னு. 'மாமா காயக்கூடாதுன்னுதான்டி சொன்னாரு. எந்தத் தண்ணின்னு சொல்லல'ன்னுச்சு. காஞ்சா நீங்க திட்டுவீங்கன்னு அதுக்குப் பயம்."

மார்ச் 29

சென்னையிலிருந்து வந்த அன்று தளம் வெள்ளையாகப் பூத்திருந்தது. சிமெண்டுப் பூப்பு என்று நினைத்துத் துடைப்பத்தால் கூட்டிவிட்டுத் தட்டோடு ஒட்டினேன். டிரம் டிரம்மா நாக்குல வச்சவன், அத ஒரு தரம் வச்சுப் பாத்தேனா?

"பரவால்ல, சொன்னதச் செஞ்சிருக்கியே" என்றேன் தெய்வநாயகியிடம். சிரித்தாள்.

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நான் அவளைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

மார்ச் 31

கீதாஞ்சலிக்குப் போன் போட்டேன். தளத்தை இடிக்க வேண்டும் என்பதை மட்டும் மகனிடம் சொல், அந்தப் பேப்பர் என்னிடமே இருக்கட்டும் என்றேன்.

"அது நீங்க தப்பு பண்ணலன்னு சொல்ற பேப்பர் ஐயா."

"அதனாலதாம்மா."

ஏப்ரல் 2

சாப்பிடும்போது பூவிழி கேட்டாள். அது வெகுளி, மனதில் ஒன்றும் இல்லை. "அத்தையும் கூட இருந்துதான மாமா கட்டுனீங்க? அவங்களுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

"அவளுக்கு ஒன்னும் தெரியாது. உப்புத் தண்ணியில கலந்தது நான்தான்."

மணிகண்டன் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தான். குதிப்பான் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றான், மெதுவாக.

மெதுவாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

செய்தி பரவிவிட்டது. சிங்காரம் வந்தான். அவன் வீடும் நான் கட்டியதுதான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"ஏம்பா, என் வீட்டுக்கும் அந்தத் தண்ணிதானா?"

"உனக்கு நல்ல தண்ணிதான். என் வீடுதானேன்னு இதுக்குச் சோம்பேறித்தனம் பண்ணிட்டேன்."

"நாப்பது வருஷம் நல்ல தண்ணி, நல்ல தண்ணின்னு எங்களயெல்லாம் வெரட்டுனியே, மேஸ்திரி!" என்று சிரித்துவிட்டுப் போனான். போகும்போது என் தளத்துக்கு அடியில் நடக்காமல் ஒதுங்கிப் போனான்.

ஏப்ரல் 22

இடித்தார்கள். மேல்கம்பி பென்சில் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

மே 11, ஞாயிறு

புதுத் தளம் போட்டாயிற்று. இந்த முறை நுனியில் இரண்டு தூண்.

மே 12

தண்ணீர் கட்ட நான்தான் ஏறுவேன் என்றேன். யாரும் தடுக்கவில்லை. டேங்கர் தண்ணீர், ஹோஸ் எல்லாம் தயாராக இருந்தது. கீழே நின்று மணிகண்டன் கேட்டான்: "இந்தத் தடவையாச்சும் நல்ல தண்ணிதானான்னு பாத்தீங்களாப்பா?"

நாக்கில் வைத்துப் பார்த்தேன். "நல்ல தண்ணிதான்பா."

அவன் வேலைக்குப் போனதும் ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டுக் குடத்தை எடுத்தேன். பதினோராவது குடத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பாத்திகூட நிறையவில்லை.