மந்திரிக்கு ஊற்றிய காபி

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகவே எழுதப்போகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

நம் ஆற்றில் அணை கூடாது என்று நமக்காக வாதாடி வென்ற வக்கீல் ரிடேலியஸ், இன்று மந்திரியாக எங்கள் விடுதிப் பள்ளிக்கு வந்தார். போன வாரம் அதே அணைக்கு உத்தரவு போட்டவரும் அவர்தான். அவருக்குக் காபி ஊற்றும் வேலை எனக்கு.

"மந்திரி ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் வேணுமா? நான் எலோஃப் மகள்."

"அட, எலோஃப் பொண்ணா? கேஸ் ஜெயிச்ச அன்னைக்கு நானும் அவனும் கிளாஸை உயர்த்தி, இனிமே 'நீ', 'வா'ன்னே பேசிக்கலாம்னு முடிவு பண்ணோம்."

"அப்புறம் எப்படி அணைக்குக் கையெழுத்து போட்டீங்க?"

"அப்ப நான் உங்க வக்கீல்மா. இப்ப நாட்டுக்கே மந்திரி. ஊருக்கெல்லாம் கரண்ட் வேணாமா? அப்பாகிட்ட சொல்லு, இப்பவும் அவன் என்னை 'நீ'ன்னே கூப்பிடலாம்."

"வீடு தண்ணிக்குள்ள போனப்புறம் எங்க நின்னு கூப்பிடறது?"

தலைமையாசிரியர் காபிக் கூஜாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். கவலைப்படாதீர்கள், தண்டனை ஒரு சனிக்கிழமை பள்ளியிலேயே அடைந்து கிடப்பது மட்டும்தான்.

நம் ஆற்று மீனை உப்புப் போட்டு ஒரு டப்பா அனுப்புங்கள். இங்கே கடை மீன் தொண்டையில் இறங்கவில்லை. கம்பளிக் காலுறையும் வேண்டும். சமையலறையில் மாட்டியிருக்கும் மந்திரியின் படத்தை அடுப்பில் போடுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். அறையின் கரண்ட் விளக்கை நானே அணைத்துவிட்டேன்.

குன்வோர்