என் பெயர் கொண்ட கள்ளி

அன்புள்ள கணவருக்கு,

நான் நலம். நீங்களும் நல்ல தெம்போடு இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபப்பட அது தேவைப்படும்.

செடிகள் வளரும் கண்ணாடிக் கூடத்துக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. மாவுப்பூச்சி இரண்டு தொட்டிகளோடு நின்றது. ஒரு நாள் முழுக்கத் தூரிகையும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்திருந்தேன். சின்னவள் பல் பிடுங்கிக்கொண்டு வந்து வாயைத் திறப்பதில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் சந்தேகமாக எழுதியதை இப்போது உறுதியாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் புது இனம் என்று அறிவித்து என் பெயரைச் சூட்டினீர்களே, அந்தக் கள்ளி புது இனமே இல்லை. ஒல்லியாக உயர்ந்த உடம்பு, மயிர் போன்ற முள் என்று எழுதியிருந்தீர்கள். அதன் பக்கக் கன்றுகள் ஆறை மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கி, நான்கு வருடம் மொட்டை மாடியில் வளர்த்தேன். புதிதாக வந்த பாகமெல்லாம் குண்டாக, கொக்கி முள்ளோடு நிற்கிறது. விதையையும் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டேன்; தோலில் கொக்கிமுள் கள்ளிக்கு உள்ள அதே குழிகள். பாறை நிழலில் வெளிச்சம் போதாமல் நீண்டுபோன சாதாரணக் கொக்கிமுள் கள்ளியைத்தான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கிறோம். இனி என் பெயர் அந்தப் பழைய பெயருக்குக் கீழே, செல்லாத பெயராகப் பொடி எழுத்தில் கிடக்கும்.

நீங்கள் ஓய்வு பெறும்வரை வாயைத் திறக்காதே என்று எழுதியிருந்தீர்கள். ஆய்வு நிலைய இயக்குநரும் கூப்பிட்டு, "வீட்டு விஷயத்த வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கக் கூடாதாம்மா?" என்றார். கள்ளி எங்கள் வீட்டில் முளைக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த ஒரு செடியால்தான் உங்களை நாலு பேர் மதிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? என் பெயரை நானே அழிப்பதும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பாறையில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு ஏறி அதைக் கண்டுபிடித்தது யார்? கட்டுரைக்கு ஆசிரியர் நீங்கள் ஒருவர். எனக்குச் செடியின் பெயர். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அன்றைக்குப் பரிசு வேண்டியிருக்கவில்லை. ஆசிரியராக உங்கள் பக்கத்தில் ஓர் இடம் வேண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இந்தத் தவற்றைத் திருத்தும் கட்டுரை பத்தொன்பதாம் தேதி ஆய்விதழுக்குப் போகிறது. யார் தடுத்தாலும் போகும். முதல் ஆசிரியர் நான். இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தவறிவிட்டோம் என்று இருவரும் சேர்ந்து சொன்னால் அதைத் தாவரவியல் என்பார்கள். நான் மட்டும் சொன்னால் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றுதான் படிப்பார்கள்.

ஒப்புதல் படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போங்கள். மாத்திரையை மறக்காதீர்கள். கையெழுத்துப் போடாவிட்டாலும் கட்டுரை போகும், நீங்கள் திரும்பி வரும்போது ரயிலடியில் நானும் நிற்பேன்.

இருந்தாலும் போடுங்கள். உங்கள் பெயர் பக்கத்தில் இல்லாமல் என் பெயரை மட்டும் அச்சில் பார்க்க என்னால் ஆகாது.

இப்படிக்கு,
பிடிவாதத்தில் குறையாத
உங்கள் மனைவி