நான்காம் அறையின் பச்சைப் பக்கம்

செவ்வாய்க் கோள், நாள் 88, 09:10
தெற்கு முகட்டுத் தொடர்பு நிலையம். இணைப்பு நலம். தூசி வழக்கம்போல. எழுதுபவன் பொறியாளர் இளவழுதி. இங்கே நான் ஒருவன்தான். பதினொரு கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கத்தில் ஆறு பேர். அவர்கள் கையில் பூமியில் யாரும் சீந்தாத டேப்லெட்கள். அதிலுள்ள பிரவுசர் இன்னும் பழசு, புதுப்பிக்கவும் வழியில்லை. இணைப்பு அறுந்தால் திரை வெள்ளையாகிறது, வேலை நிற்கிறது. தொலைவில் தலைமை முகாமில் இருக்கும் மேலாளர் திருவேங்கடத்தின் உத்தரவு: இணைப்பு இல்லாவிட்டாலும் பக்கங்கள் திறக்க வேண்டும்.

நாள் 91, 16:40
முடித்துவிட்டேன். எந்தெந்தப் பக்கங்களை டேப்லெட்டிலேயே சேமிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கோப்பு. பணிமுறை, வரைபடம், மருத்துவக் குறிப்பு எல்லாம் உண்டு. காற்று நிலவரப் பக்கத்தை மட்டும் சேர்க்கவில்லை. அதில் பழசைக் காட்டினால் ஆபத்து. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் 'சேமித்த நேரம்' என்று ஒரு வரி போட்டேன்.

நாள் 92, 10:05
அந்த வரியை எடுக்கச் சொன்னார் திருவேங்கடம். "நேரத்தப் பாத்தா பயப்படுவானுங்க. வேலை கெடும்." எடுத்துவிட்டேன். சண்டை போட்டிருக்கலாம், போடவில்லை.
சுரங்கத்தாருக்குப் பயிற்சியும் கொடுத்தேன். போன மாதம் ரேடியோவில் யாரோ கிளப்பிய புரளியால் அரை நாள் வீணானது. அதனால் புது விதி: குரலை நம்பாதே, பக்கத்தை நம்பு. அதை வாய் கிழியச் சொன்னவன் நான்தான்.

நாள் 95, 11:30
மூன்று நாளாகக் காற்றுப் பக்கத்தை யாரும் சர்வரிடம் கேட்கவில்லை. சுமை குறைந்தது என்று பெருமையாக அறிக்கை அனுப்பினேன்.

நாள் 96, 12:48
நான்காம் அறையில் ஆக்சிஜன் இறங்குகிறது. அதுதான் சாப்பாட்டு அறை. அங்கே எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவார்கள். சர்வரில் காற்றுப் பக்கம் சிவப்பு. ரேடியோவில் கூப்பிட்டேன். ஷிப்ட் தலைவி ஜெசிந்தா எடுத்தாள்.
"பக்கம் பச்சையாத்தான இருக்கு அண்ணே?"
"அது பழசும்மா. ஹெல்மெட்ட மாட்டிட்டு வெளிய வாங்க."
"நீங்கதான சொன்னீங்க, ரேடியோவ நம்பாதீங்கன்னு?"
நடுவில் திருவேங்கடம் புகுந்தார். "எனக்கும் பச்சைதான் காட்டுது. பீதியக் கெளப்பாதய்யா." என் குரல் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அவர் டேப்லெட்டும் அதே சரக்கு.

12:57
பிழை தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் பட்டியலில் இல்லாவிட்டாலும், பட்டியலின் பெயர் அதற்குள் இருந்தாலே இந்தப் பிரவுசர் அதையும் சேமித்துக்கொள்கிறது. நான் அந்தப் பெயரை எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மேல்பகுதியில் எழுதினேன். தனித்தனியாக எழுதச் சோம்பல். நான்கு நாளாக அவர்கள் பார்ப்பது 92ஆம் நாளின் காற்று.

13:04
பட்டியலை மாற்றிவிட்டேன். இனி பக்கத்தைத் திறந்தால் புதியது இறங்கும். நடந்து போனால் நான்கு மணி நேரம். வண்டி அவர்களிடம்.

13:11
சர்வர் பதிவில் ஆறு டேப்லெட்டும் பக்கத்தைத் திறந்திருக்கின்றன! ஆறிலும் புதிய பக்கம் இறங்கிவிட்டது. அழுதேன்.

13:13
இல்லை. இந்தச் சனியன் முதலில் பழையதைக் காட்டிவிட்டு, பின்னால்தான் புதியதை இறக்கும். அடுத்த முறை திறந்தால்தான் சிவப்பு. அவர்கள் பார்த்தது பச்சை.
இன்னொரு தடவை திறங்க. ஒரே ஒரு தடவை. யாராவது.

13:29
யாரும் திறக்கவில்லை. ஆக்சிஜன் ஒன்பது சதவீதம்.

13:50
ஆறு சதவீதம். ஜெசிந்தா என் பேச்சைத் தள்ளிவிடவில்லை. சந்தேகம் வந்துதான் 13:11க்கு ஆறு பேரையும் பக்கத்தைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். நான் செய்து கொடுத்தது அவளிடம் பொய் சொன்னது.

14:20
இதைக் கண்டெடுப்பவருக்கு. நான்காம் அறையில் ஆறு டேப்லெட்கள் கிடக்கும். எதையாவது எடுத்துத் திறந்து பாருங்கள். சிவப்பாக வரும்.
இணைப்பு இல்லாவிட்டாலும் வரும்.